இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்கள் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா? முக்கியமானது அந்தச் சில நாட்கள்

"ரத்தம் கட்டாம இருக்கப் போடுற மாத்திரையை நிறுத்திட்டு வந்து அட்மிட் ஆகுங்க" என்கிறார் ஆர்த்தோ டாக்டர். ஆறு மாதத்துக்கு முன் இதயநோய் மருத்துவர் சொன்னதோ வேறு: "இந்த மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீங்க."

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால், எந்த நாளில் நிறுத்துவது, எந்த நாளில் திரும்பத் தொடங்குவது என்பதைப் பல குடும்பங்களில் நோயாளியோ அவருடைய பிள்ளைகளோதான் குத்துமதிப்பாக முடிவு செய்கிறார்கள்.

என் பெரியம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தபோது இதை நேரில் பார்த்தேன். வீடு திரும்பிய மூன்றாவது நாள் மாத்திரை டப்பாவில் இரண்டு ஸ்ட்ரிப் இருந்தன. பெயர் வேறு, நிறம் வேறு. திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் ஒரே மருந்து. ஒன்று அவர் பல வருடமாகப் போடும் 20 மி.கி., இன்னொன்று மருத்துவமனை புதிதாக எழுதித் தந்த 10 மி.கி. இரண்டையும் சேர்த்தே போட்டுக்கொண்டிருந்தார். "டாக்டர் எழுதிக் குடுத்ததுதானே" என்றார். அதிர்ஷ்டவசமாக எதுவும் ஆகவில்லை.

இதயத் துடிப்புக் கோளாறு இருப்பவர்கள் மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொள்ள முடியுமா? பெரும்பாலானவர்களால் முடியும். ஆனால் ஆபரேஷன் தியேட்டருக்குள் நடப்பதைப் போலவே, அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில நாட்களையும் திட்டமிட வேண்டும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் என்ன?

வயதானவர்களிடம் அதிகம் காணப்படும் துடிப்புக் கோளாறு இது. சுருக்கமாக ஏஎஃப் என்பார்கள். இதயத்தின் மேல் அறைகள் இரண்டும் சீராகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். நாடியைத் தொட்டுப் பார்த்தால் தாளம் தப்பித் தப்பி வரும். சிலருக்குப் படபடப்பு, மூச்சு வாங்குதல், சோர்வு இருக்கும். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. மூட்டு ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் இசிஜியில்தான் முதன்முதலாகத் தெரியவரும்.

மேல் அறை நடுங்கும்போது அங்கே ரத்தம் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு அதிகம் என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு காட்டியது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை தருவது இதனால்தான்.

எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவு அல்ல. மருத்துவர்கள் 'சாட்ஸ்-வாஸ்க்' என்ற மதிப்பெண் முறையைப் பயன்படுத்துகிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு, ரத்தக்குழாய் நோய் ஒவ்வொன்றுக்கும் 1. வயது 65 முதல் 74 வரை என்றால் 1, 75-க்கு மேல் என்றால் 2. ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்றால் இன்னொரு 1 சேர்ப்பது வழக்கம்; 2024-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை மட்டும் நீக்கிவிட்டது.

68 வயதில், பிபியும் சுகரும் உள்ள ஒரு பெண்மணியின் மதிப்பெண் பழைய கணக்கில் 4, புதிய கணக்கில் 3. இரண்டின்படியும் அவருக்கு மாத்திரை தேவை. மூட்டுத் தேய்மானத்தோடு எலும்பு மருத்துவரிடம் வரும் பலருடைய நிலை இதுதான்.

மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வராதா?

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாத்திரையே போடாவிட்டால் ஒருவருக்கு ஆண்டுக்கு 4 சதவீதம் பக்கவாத ஆபத்து என்று வைத்துக்கொள்வோம். அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 0.01 சதவீதம். ஐந்து நாள் நிறுத்தினால் 0.05 சதவீதம், அதாவது 2,000 பேரில் ஒருவர்.

ஆனால் நிஜம் இவ்வளவு எளிது இல்லை. அறுவை சிகிச்சை நடக்கும்போது உடல் காயத்தை அடைக்கத் தயாராகிறது. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. அதனால் நிஜ ஆபத்து நம் கணக்கைவிட அதிகம். எவ்வளவு அதிகம் என்பதற்கு இரண்டு பெரிய ஆய்வுகள் உதவுகின்றன.

முதலாவது, 2015-ல் வெளியான 'பிரிட்ஜ்' ஆய்வு. ஏஎஃப் இருந்து வார்ஃபரின் சாப்பிட்ட 1,884 பேர் இதில் இருந்தார்கள். அறுவை சிகிச்சைக்காக எல்லோருக்கும் வார்ஃபரினை நிறுத்தினார்கள். ஒரு பிரிவினருக்கு இடைப்பட்ட நாட்களில் ஹெபரின் வகை ஊசி போட்டார்கள். இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத ஊசி.

- ரத்தக்கட்டியால் பக்கவாதம் போன்ற பாதிப்பு: நிஜ ஊசி போட்டவர்களில் 0.3 சதவீதம், போடாதவர்களில் 0.4 சதவீதம்.
- பெரிய அளவில் ரத்தக்கசிவு: நிஜ ஊசி போட்டவர்களில் 3.2 சதவீதம், போடாதவர்களில் 1.3 சதவீதம்.

ஆயிரம் பேருக்குக் கணக்கிட்டால், ஊசியால் பக்கவாதம் 4-லிருந்து 3 ஆனது. இது புள்ளியியல்படி வித்தியாசமே இல்லை. ஆனால் பெரிய ரத்தக்கசிவு 13-லிருந்து 32 ஆனது. "மாத்திரையை நிறுத்தினால் ஊசி போட்டே ஆகணும்" என்ற பழைய பழக்கத்தை மருத்துவர்கள் பெரும்பாலும் கைவிட்டதற்கு இந்த எண்களே காரணம்.

இரண்டாவது, 2019-ல் வெளியான 'பாஸ்' ஆய்வு. அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகட்ரான் ஆகிய புதிய வகை மாத்திரைகளைச் சாப்பிடும் 3,007 பேரிடம் இது நடந்தது. ஊசி எதுவும் இல்லாமல், நாள் கணக்கு வைத்து நிறுத்தித் திரும்பத் தொடங்கினார்கள். அடுத்த 30 நாட்களில் பக்கவாதம் போன்ற பாதிப்பு, மருந்தைப் பொறுத்து 0.16 முதல் 0.60 சதவீதம் பேருக்கு வந்தது. ஆக, சரியாகத் திட்டமிட்டு நிறுத்தினால் ஆபத்து சிறியது, பூஜ்ஜியம் அல்ல.

அதே ஆய்வில் ரத்தக்கசிவு ஆபத்து அதிகமுள்ள அறுவை சிகிச்சை செய்தவர்களில், அபிக்சபானும் ரிவராக்சபானும் சாப்பிட்டவர்களுக்குப் பெரிய ரத்தக்கசிவு ஏறத்தாழ 3 சதவீதம். முழங்கால், இடுப்பு மூட்டு மாற்று இரண்டும் இந்த வகையில்தான் வருகின்றன. மூட்டுக்குள் ரத்தம் தேங்கினால் வீக்கம், விறைப்பு, காயம் ஆறத் தாமதம் எல்லாம் வரும். தொற்று ஏற்பட்டால் பொருத்திய மூட்டையே திறந்து பார்க்க வேண்டிவரலாம்.

எந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவார்கள்?

பொதுவான நடைமுறை இது. உங்கள் வீட்டு நோயாளிக்கான தேதியை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

*வார்ஃபரின்:* வழக்கமாக 5 நாள் முன்பு. பிறகு ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு 1.5-க்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தியாவில் வார்ஃபரினைப் போலவே அசினோகூமராலும் நிறையப் பேருக்குத் தரப்படுகிறது. அது உடலைவிட்டுச் சீக்கிரம் வெளியேறும் என்பதால் நாள் கணக்கு மாறலாம்.

*அபிக்சபான், ரிவராக்சபான்:* 'பாஸ்' ஆய்வு முறைப்படி, ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு முழு நாட்களும் ஆபரேஷன் நாளன்றும் மாத்திரை கிடையாது. வியாழக்கிழமை ஆபரேஷன் என்றால் கடைசி மாத்திரை திங்கட்கிழமை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதாக இருந்தால், மயக்க மருந்து நிபுணர் 72 மணி நேர இடைவெளி கேட்கலாம். முதுகுத்தண்டின் அருகே ரத்தம் கசிந்தால் காலே செயலிழக்கும் அபாயம் இருப்பதால் இந்த எச்சரிக்கை.

*டாபிகட்ரான்:* இது பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் 2 நாள், வேலைத்திறன் குறைந்திருந்தால் 4 நாள். "கிரியேட்டினின் பார்த்தீங்களா?" என்று கேட்பது அதனால்தான் முக்கியம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. துடிப்பைச் சீராக்க மின் அதிர்ச்சி சிகிச்சை எடுத்திருந்தால் அடுத்த 4 வாரமும், இதயத்தில் கதீட்டர் வழியாக அப்லேஷன் செய்திருந்தால் அடுத்த 2 முதல் 3 மாதங்களும் இந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. அண்மையில் பக்கவாதம் வந்தவர்களுக்கும் இடைவெளி தேவை. முழங்கால் மாற்று அவசர சிகிச்சை இல்லை. தள்ளிப்போடலாம்.

இந்தியாவில் ஒரு கூடுதல் சிக்கல்

மேலே சொன்ன எண்களை அப்படியே எல்லா இந்திய நோயாளிகளுக்கும் பொருத்த முடியாது. காரணம், நம் நாட்டில் ஏஎஃப் வருவதற்கு முதுமை மட்டும் காரணம் இல்லை. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்து, அதனால் ஏஎஃப் வந்தவர்கள் இங்கே ஏராளம். இந்திய இதயத் துடிப்பு மருத்துவர் சங்கம் 2011, 2012-ல் சுமார் 1,500 ஏஎஃப் நோயாளிகளின் விவரங்களைத் திரட்டியது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய் இருந்தது. சராசரி வயது சுமார் 55.

இந்த வகை நோயாளிகளுக்குப் புதிய மாத்திரைகளைவிட வார்ஃபரின் வகையே நல்லது என்று 2022-ல் வெளியான 'இன்விக்டஸ்' ஆய்வு காட்டியது. இந்தியா உள்பட 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு அது. உலோகச் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரின் வகைதான். அவர்களை 'பிரிட்ஜ்' ஆய்வில் சேர்க்கவே இல்லை. எனவே "ஊசி தேவையில்லைன்னு ஆய்வு சொல்லுது" என்பது அவர்களுக்குப் பொருந்தாது. வால்வு பிரச்னை இருக்கிறதா, வால்வு மாற்றியிருக்கிறார்களா என்பதை எலும்பு மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

நிறுத்தக் கூடாத மாத்திரைகள்

'ஹார்ட் மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்க' என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. மெட்டோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கர், துடிப்பின் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது. வழக்கமாகச் சாப்பிடுபவர்கள் அதை ஆபரேஷன் நாள் காலையிலும் கொஞ்சம் தண்ணீரோடு போட்டுக்கொள்ளும்படிதான் பொதுவாகச் சொல்வார்கள். திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறும்.

இதற்கு நேர்மாறான எச்சரிக்கையும் உண்டு. இதுவரை சாப்பிடாதவருக்கு ஆபரேஷன் நாளன்று புதிதாக அதிக அளவில் தொடங்குவது ஆபத்து என்று 2008-ல் வெளியான 'பாய்ஸ்' ஆய்வு சொன்னது. அதில் மாரடைப்பு குறைந்தது, ஆனால் பக்கவாதமும் இறப்பும் கூடின. துடிப்பு வேகமாக இருந்தால் சில வாரங்களுக்கு முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும்.

பேஸ்மேக்கர் அல்லது ஐசிடி பொருத்தியவர்கள் அதன் அடையாள அட்டையைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சையில் ரத்தக்குழாய்களை அடைக்கப் பயன்படும் மின்கருவி அந்தச் சாதனத்தைக் குழப்பலாம். முழங்கால் போன்ற தொப்புளுக்குக் கீழே உள்ள இடங்களில் இந்த ஆபத்து குறைவு என்றாலும் சாதனத்தைச் சமீபத்தில் சோதித்திருக்க வேண்டும். பேஸ்மேக்கர் என்றால் கடந்த 12 மாதங்களுக்குள், ஐசிடி என்றால் 6 மாதங்களுக்குள்.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் குழப்பம் அதிகம்

நிறுத்தச் சொல்ல எல்லோருக்கும் நினைவிருக்கும். திரும்பத் தொடங்கச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதில்தான் இடைவெளி விழுகிறது.

மூட்டு மாற்று செய்த எல்லோருக்குமே, ஏஎஃப் இல்லாதவர்களுக்கும்கூட, காலில் ரத்தம் கட்டாமல் இருக்கச் சில வாரங்களுக்கு மருந்து தருவார்கள். இதற்கான அளவு வேறு. ரிவராக்சபான் என்றால் கால் ரத்தக்கட்டைத் தடுக்க நாளைக்கு 10 மி.கி.; ஏஎஃப்புக்கு வழக்கமாக 20 மி.கி. அபிக்சபான் என்றால் கால் ரத்தக்கட்டுக்கு 2.5 மி.கி. இரண்டு வேளை, ஏஎஃப்புக்கு வழக்கமாக 5 மி.கி. இரண்டு வேளை.

இங்கே மூன்று விதமான தவறுகள் நடக்கலாம்.

ஒன்று, என் பெரியம்மா செய்ததுபோல இரண்டையும் சேர்த்துப் போடுவது. ஒரே மருந்து பல நிறுவனங்களின் பெயரில் கிடைப்பதால் வெளிப்பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது.

இரண்டு, குறைந்த அளவோடு நின்றுவிடுவது. மருத்துவமனை எழுதித் தந்த நாட்கள் முடிந்ததும் "கோர்ஸ் முடிஞ்சிருச்சு" என்று நிறுத்திவிடுவார்கள். ஏஎஃப்புக்கான பழைய மாத்திரை திரும்ப வருவதே இல்லை.

மூன்று, ஆஸ்பிரின். கால் ரத்தக்கட்டைத் தடுக்கப் பல எலும்பு மருத்துவர்கள் ஆஸ்பிரின் தருகிறார்கள். சாதாரண நோயாளிக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் ஏஎஃப்பில் பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரின் ஈடாகாது. 2011-ல் வெளியான 'அவெரோஸ்' ஆய்வில் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு 3.7 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் அல்லது உடலின் வேறிடத்தில் ரத்தக்கட்டு அடைப்பு வந்தது. அபிக்சபான் சாப்பிட்டவர்களில் அது 1.6 சதவீதம்.

'பாஸ்' முறைப்படி, ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியானால், மூட்டு மாற்றுக்குப் பிறகு 2 முதல் 3 நாளில் முழு அளவு மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாம். வியாழன் ஆபரேஷன் என்றால் சனி அல்லது ஞாயிறு. காயத்தின் நிலையைப் பார்த்து அறுவை சிகிச்சை மருத்துவர் இன்னும் சில நாள் தள்ளலாம். தள்ளுவதில் தவறில்லை. தேதி சொல்லாமல் அனுப்புவதில்தான் தவறு.

வலி மாத்திரையிலும் கவனம் தேவை. டைக்ளோஃபெனாக், ஏசெக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் எல்லாம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கிடைக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோடு இவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். மூட்டு வலிக்காகப் பல வருடமாகத் தானாகவே வாங்கிச் சாப்பிடுபவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இடுப்பு எலும்பு முறிந்தால்?

அப்போது கணக்கு வேறு. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த முதியவருக்கு, வார்ஃபரின் தானாக இறங்கட்டும் என்று 5 நாள் படுக்க வைத்திருப்பதே ஆபத்து. நிமோனியா, படுக்கைப்புண், ரத்தக்கட்டு எல்லாம் வரிசையாக வரும். பொதுவாக ஓரிரு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வதே இலக்கு. வார்ஃபரினின் வேலையை முறிக்க வைட்டமின் கே தருவார்கள். புதிய மாத்திரை என்றால் கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதுதான் மருத்துவருக்கு முதல் தகவல். ஆம்புலன்ஸில் ஏறும்போது மாத்திரை டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

செலவுக் கணக்கில் இதையும் கேளுங்கள்

முழங்கால் செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று நிர்ணயித்த விலை வரி நீங்கலாக 54,720 ரூபாய். ஆனால் இது மூட்டுக்கான விலை மட்டுமே. மருத்துவமனைகள் சொல்லும் 'பேக்கேஜ்' தொகையில் இதயநோய் மருத்துவர் ஆலோசனை, எக்கோ, கூடுதல் நாள் தங்குதல், இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் படுக்கை ஆகியவை சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ஏஎஃப் நோயாளிக்கு இவை தேவைப்படலாம். சேர்க்கப்படவில்லை என்றால், காசை மிச்சப்படுத்த இந்தப் பரிசோதனைகளைத் தவிர்க்கும் அழுத்தம் கடைசி நேரத்தில் வரும்.

ஒரே தாளில் ஏழு வரிகள்

அட்மிஷனுக்கு ஒரு வாரம் முன்பே, எலும்பு மருத்துவர், இதயநோய் மருத்துவர், மயக்க மருந்து நிபுணர் மூவரும் ஒப்புக்கொண்ட ஒரு தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதில் இருக்க வேண்டியவை:

1. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையின் உள்மருந்துப் பெயர், அளவு
2. கடைசி மாத்திரை: எந்தத் தேதி, எந்த வேளை
3. இடையில் ஊசி உண்டா, இல்லையா
4. ஆபரேஷன் நாள் காலையில் தொடர வேண்டிய மாத்திரைகள்
5. ஆபரேஷனுக்குப் பின் குறைந்த அளவு மருந்து: எத்தனை நாள்
6. பழைய முழு அளவு திரும்பத் தொடங்கும் தேதி
7. சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த எண்

ஆறாவது வரி நிரம்பாமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். அன்றைக்குத் தேதி தெரியாது என்றால், எந்த நாளில் முடிவு சொல்வார்கள் என்றாவது எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது இவற்றில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பக்கவாத சிகிச்சையில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. திடீர் மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம், கறுப்பாக மலம் போவது, காயத்திலிருந்து நிற்காமல் ரத்தம் கசிவது ஆகியவற்றுக்கும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெரியம்மா இப்போது வாக்கர் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார். மாத்திரை டப்பாவின் மூடிக்குள், மருந்தின் பெயரும் அளவும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். புது ஸ்ட்ரிப் எது வந்தாலும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே போகும்.